மேனேஜர் ஒப்பேற்றிய படங்கள்

அவர் முதல்முறை என் கிளினிக்குக்கு வந்தபோது வலது கையைப் பழைய நீலத் துண்டு ஒன்றில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார். முடிச்சு பிடரியில் உறுத்தாமல் இருக்க, அதற்கடியில் ஒரு காலுறையை மடித்துச் செருகியிருந்தார். அலமாரியிலிருந்து கையைத் தாங்கும் ஸ்லிங் பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுவே போதுமுங்க அம்மிணி. ஒப்பேத்தீரலாம்."

மைசூர் மண்டி மொஹல்லாவில், தராசும் எடைக்கற்களும் விற்கும் கடை ஒன்றுக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது என் பிசியோதெரபி கிளினிக். இரண்டு கட்டில், ஒரு மெழுகுத் தொட்டி, சுவரில் ஒரு கப்பி. முழங்கால் வலிக்காரர்கள் ஏறிவர வேண்டிய மாடிப்படி மட்டும் செங்குத்தாக இருக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அடுத்தவர்களின் மூட்டுகளை மடக்கி நீட்டுவது என் வேலை. வருகிற ஒவ்வொருவருக்கும் தன் வலியைவிடப் பெரிய வலி உலகத்தில் இல்லை. ஆறு மணிக்கு எனக்கும் என் இடுப்பைப் பற்றி அதே எண்ணம்தான். அப்படிப்பட்ட நாட்களில்தான் அவரைத் தெரிந்துகொண்டேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

தெருவில் எல்லாருக்கும் அவர் மேனேஜர். ஒரு காலத்தில் சின்னச் சின்னக் குற்றப் படங்களுக்கு புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். கர்நாடக எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். மைசூரில் மகள் வீட்டில் இருந்தார். பேரப்பிள்ளைகள் கன்னடத்தில் கேட்பார்கள், இவர் தமிழில் பதில் சொல்வார். ஊரை விட்டு வந்து ஐம்பது வருடமாகியும் பேச்சில் மட்டும் ராமாபுரம் அப்படியே இருந்தது.

சர்க்கரை நோயில் அவருடைய தோள்மூட்டு இறுகிப் போயிருந்தது. பக்கவாட்டில் கையைத் தூக்கச் சொன்னால், தோளைக் காதுவரை ஏற்றி, இடுப்பை ஒருபக்கமாகச் சாய்த்து, கை மேலே போய்விட்டதுபோல் காட்டுவார். எல்லா நோயாளிகளும் இதைச் செய்வார்கள். இவர் செய்தால் எனக்கே ஒரு கணம் கை தூக்கியதுபோல்தான் இருக்கும்.

"சார், மோசம் பண்றீங்க. உடம்பைச் சாய்க்காதீங்க. கை மட்டும்."

"கை மேல போகோணும், அவ்வளவுதானுங்களே? எப்படிப் போனா என்ன?"

அதுதான் அவர். வேண்டிய பொருள் இல்லையென்றால் அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. இல்லாததை இருப்பதுபோல் காட்ட ஒரு வழி எப்போதும் அவரிடம் இருந்தது.

என் கப்பியின் கயிறு ஒருநாள் அறுந்தது. புதுக்கயிறு வாங்கச் சோம்பலாக இருந்தது எனக்கு. மறுநாள் அவர் தையல் மிஷினின் பழைய பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, இடது கையாலேயே மாட்டிக் காட்டினார். இரண்டு வாரம் அது நன்றாகவே ஓடியது. மூன்றாவது வாரம் அறுந்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. கண்ணாடி உடையவில்லை. அவர் ஓடிப்போய் எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்து, "இதுவும் ரெண்டு வாரம் தாங்குச்சுல்லங்க" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அவரிடம் கோபப்படுவது கடினம்.

இறுகிய தோளை அசைக்கும்போது உயிர்போகிற மாதிரி வலிக்கும். வலியை மறக்க நோயாளிகள் சாமி பெயரைச் சொல்வார்கள், மருமகளைத் திட்டுவார்கள். அவர் படக்கதை சொல்வார். கதை என்றால் படத்தின் கதை இல்லை, படம் எடுத்த கதை.

அவர்களிடம் ஒரே ஒரு அம்பாசடர் கார் இருந்தது. மூன்று நம்பர் பிளேட். முதல் காட்சியில் அது நீதிபதியின் கார். நம்பரை மாற்றினால் கடத்தல்காரனுடையது. கூரைமேல் சிவப்புப் பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கவிழ்த்து ஒட்டினால் போலீஸ் கார். துரத்தும் காட்சி வந்தால் காரை ஒரே சாலையில் இரண்டுமுறை ஓட்டுவார்கள், ஒருமுறை துரத்தப்படுவதாக, ஒருமுறை துரத்துவதாக. "ஒரே வண்டி தன்னைத் தானே தொரத்திட்டுப் போகுமுங்க அம்மிணி" என்பார். அப்போது தோளை இன்னும் ஐந்து டிகிரி நகர்த்திவிடுவேன்.

வாடகை பங்களாவின் கூடம் ஒன்றுதான். திரைச்சீலை மாற்றினால் அது வில்லனின் இருப்பிடம், வெள்ளை விரிப்புப் போட்டால் ஆஸ்பத்திரி. இன்ஸ்பெக்டராக நடித்தவருக்குத் தலை பெரியது, தொப்பி நுழையவில்லை. அதனால் படம் முழுக்க அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே துப்பறிந்தார். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் குங்குமம் கரைத்தார்கள். பிணமாகப் படுத்தவரை எறும்பு மொய்த்துவிட்டது. "பொணம் சொறிஞ்சுக்குது, மறுபடியும் எடுக்கோணும்னு கேமராமேன் சொன்னாருங்க. பிலிம் ஏது? அப்படியே விட்டுட்டோம்."

ஒருமுறை மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டார்களாம். படத்து நம்பர் பிளேட்டைக் கழற்ற மறந்து காரை ஓட்டிப்போக, காவலர் டிக்கியைத் திறந்திருக்கிறார். உள்ளே மரத்தில் செய்த இரண்டு துப்பாக்கிகள். பின்சீட்டில் சட்டையெல்லாம் குங்குமப் பாகு காய்ந்துபோன ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அலறிப்போன காவலரை இவர் பேசிப் பேசிச் சமாதானப்படுத்தி, கடைசியில் அவருக்கும் படத்தில் ஒரு வேஷம் தருவதாகச் சொல்லிவிட்டார். சொன்னபடி தரவும் செய்தார். லீவு போட்டுவிட்டு வந்த காவலர் அந்தப் படத்தில் கான்ஸ்டபிளாக வருகிறார். வசனம் கிடையாது. நேராக கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அது உண்மை. நானே பார்த்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய், சோறு வேகும்வரை செல்போனில் அவர் சொன்ன படங்களில் ஒன்றைத் தேடினேன். யாரோ பழைய கேசட்டிலிருந்து யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. இரவுக் காட்சி என்று டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறான் கொலைகாரன், அவன் காலடியில் நண்பகல் நிழல் விழுகிறது. துப்பாக்கி வெடித்து ஆள் விழுந்த பிறகு சத்தம் வருகிறது. போனில் பேசுகிற இருவர் கையிலும் கைப்பிடியில் கீறல் விழுந்த அதே சிவப்பு ரிசீவர். கொலைகாரன் யாரென்று கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர் தேவையே இல்லை. படத்திலேயே கொஞ்சம் முகம் தெரிந்த நடிகர் ஒருவர்தான், அவர் ஒரு காட்சியில் வந்து காபி குடித்துவிட்டுப் போவதற்காகவா வந்திருப்பார்?

இருந்தும் முழுதும் பார்த்தேன். மறுநாள் இன்னொன்று. ஏனென்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தோன்றுவது இதுதான்: பெரிய படங்கள் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். அழு, கைதட்டு, வியந்துபோ. நாள் முழுக்கக் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. இந்தப் படங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதில் நடித்தவர்களும் என்னைப்போலவே சோர்ந்திருந்தார்கள். மழைக்காட்சியில் பெய்தது நிஜ மழை, செயற்கை மழைக்கு வழியில்லாமல் காத்திருந்து எடுத்தது. கதாநாயகன் ஓடும் தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் நிஜ மனிதர்கள். என் கிளினிக்குக்குக் கீழே இருக்கும் அதே தராசுக் கடைக்கு எதிரே ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டு, ஓடுகிறவனைப் பார்த்து 'உனக்கு வேறு வேலை இல்லையா' என்பதுபோல் நிற்கிறாள். அவளுக்காகவே அந்தக் காட்சியை நாலுமுறை பார்த்திருக்கிறேன்.

அவருடைய மகள் ஒருநாள் அவரை அழைத்துப்போக வந்தாள். அவர் கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, படங்களை நான் ரசிப்பதாகச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"அம்மாக்கு கேன்சர் வந்தப்ப, ரிப்போர்ட் எல்லாம் இவர்தான் படிச்சுச் சொல்வார் மேடம். ஒண்ணுமில்ல, புண்ணு ஆறிட்டு வருதுன்னு. எங்கிட்டயும் அதேதான். அம்மா கடைசிவரைக்கும் தீபாவளிக்குப் புடவை எந்த கலர்னு பேசிட்டிருந்தாங்க. போகப்போறோம்னு அவங்களுக்கே தெரியல. எனக்கும் தெரியல." மாடிப்படியை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அவர் கெட்டவர் இல்ல. ஆனா நான் அவர்கிட்ட எதையும் நேராக் கேக்கறதில்லை."

அன்றிலிருந்து அவர் 'ஒப்பேத்தீரலாம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள் எங்கோ லேசாக உறுத்தியது.

சரஸ்வதிபுரத்தில் ஹரீஷ் என்றொரு வேதியியல் பேராசிரியர். அவருக்குக் கழுத்து வலி. ஞாயிறு மதியங்களில் தன் வீட்டு மாடிக் கூடத்தில் பழைய படங்களைப் போட்டு, நண்பர்களோடு பார்ப்பது அவர் வழக்கம். மேனேஜரைப் பற்றி நான் சொன்னதும், அவர் வேலை செய்த படம் ஒன்றைப் போட்டு, அவரையே விருந்தாளியாக அழைத்தார். மேனேஜர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். முப்பது பேர் இருப்போம்.

குவளை ஒட்டிய போலீஸ் கார் வந்ததும் கூடமே சிரித்தது. அதில் கேலி இருந்தது, பிரியமும் இருந்தது. அவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அந்தக் குவளை எங்க ரூம்ல குளிக்க வெச்சிருந்ததுங்க" என்று சத்தமாகச் சொன்னார். கைதட்டினார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

முக்கால்வாசிப் படம் ஓடியபின் அந்தக் காட்சி வந்தது. கொலைகாரன் பங்களாவின் மாடி பால்கனியிலிருந்து குதித்துத் தப்பிக்கிறான். முதுகுதான் தெரிகிறது. கைப்பிடிச் சுவரில் ஏறுகிறான், குதிக்கிறான், வைக்கோல் தூவிய இடத்தில் விழுகிறான். விழுந்தவனின் உடம்பு ஒருமுறை சுருண்டு அப்படியே கிடக்கிறது. அடுத்த ஷாட்டில் வேறொருவர், அதாவது நிஜ நடிகர், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்.

விசில் பறந்தது. அந்தப் படத்திலேயே நம்பும்படியாக இருந்தது அந்த ஒரு காட்சிதான். "அபாரம்! ஒருமுறை திரும்பப் போடறேன்" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே ஹரீஷ் பின்னால் ஓட்டினார்.

இரண்டாம் முறை நான் கவனித்துப் பார்த்தேன். நடிப்புக்காக விழுகிறவன் உருளுவான். இவன் உருளவில்லை. வலது பாதம் முதலில் வைக்கோலைத் துளைத்துத் தரையைத் தொட்டு, உள்பக்கமாக மடிந்தது. முழங்கால் ஒருபுறம் போக, பாதம் அதனோடு போகவில்லை. இரு கைகளும் தாமாகவே கணுக்காலைத் தேடிப் போயின. என் தொழிலில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான்.

மூன்றாம் முறை ஓட்டப் போகும்போது மேனேஜர் எழுந்து நின்றார். திரையின் வெளிச்சம் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"வேண்டாமுங்க. நிறுத்தீருங்க."

சர்க்கரை குறைந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். நான் அவரைக் கீழே அழைத்துவந்து, வாசல் வராந்தாவில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். மாடியில் படம் மறுபடி ஓடத் தொடங்கியது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

"விழுந்தவருக்குக் கால் உடைஞ்சது, இல்லையா சார்?"

அவர் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

விழுந்தவர் பெயர் செங்கோடன், ராமாபுரத்தில் இவருடைய அடுத்த வீதிக்காரர். அப்பாவும் அண்ணனும் செங்கோடனுமாகப் புளியமரம் ஏறி உலுக்குகிற குடும்பம். படப்பிடிப்பில் சாமான் தூக்க மேனேஜர்தான் கூட்டிவந்திருந்தார். குதிக்க வேண்டிய ஸ்டண்ட்காரருக்கு அன்று காய்ச்சல். பங்களாவைச் சாயங்காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். மரம் ஏறுகிறவனுக்கு இதென்ன உயரம் என்று செங்கோடனை பால்கனியில் ஏற்றிவிட்டார்கள்.

கீழே போட ஒரு மெத்தை இருந்தது. ஆனால் அடுத்து எடுக்க வேண்டிய ஆஸ்பத்திரிக் காட்சிக்காக அதைக் கூடத்துக் கட்டிலில் விரித்து, விளக்கெல்லாம் வைத்துத் தயாராக இருந்தார்கள். எடுத்தால் மறுபடி எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"நாந்தான் சொன்னனுங்க, அது இருக்கட்டும், ஒப்பேத்தீரலாம்னு. காலி அட்டைப்பெட்டி நாலு இருந்துச்சு. அதை வரிசையா வெச்சு, மேல சாக்கை விரிச்சு, சாக்கு மேல வைக்கோலைத் தூவினேன். மேல இருந்து பாத்தா மெத்தையாட்டத்தான் தெரியும். செங்கோடா, கீழ மெத்தை கெடக்குது, பயப்படாமக் குதின்னேன். குதிச்சான். சொன்ன எடத்துலயேதான் குதிச்சான். பொட்டி அவனை எங்க தாங்குறது?"

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிக் கட்டுப் போட்டோம். அவங்கப்பாரும் அண்ணனும் ஊர்ல இருந்து வந்துட்டாங்க. என்ன ஆச்சுன்னு கத்துறாங்க. டைரக்டர் எம்மூஞ்சியப் பாக்குறாரு. படம் நின்னுபோயிருமுங்க. நான் சொன்னேன், மெத்தை இருந்துச்சு, இவந்தான் தள்ளிக் குதிச்சுட்டான்னு. அவனுக்கும் மயக்கத்துல ஒண்ணும் தெரியல. நெசந்தான் போலன்னு நெனச்சுக்கிட்டான்." பிஸ்கட்டை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். "படம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தனுங்க."

அது முடிந்து நாற்பது வருடமாகியிருந்தது. புத்தி சொல்ல எனக்குத் தெம்பில்லை, ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. ஆட்டோ பிடித்து அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

இரண்டு வாரம் அவர் கிளினிக்குக்கு வரவில்லை. வந்தபோது கட்டிலில் படுக்கவில்லை.

"அம்மிணி, ராமாபுரத்துல ஒரு கால் இருக்குதுங்க. நீங்க பாக்கோணும். டாக்டரம்மாவைக் கூட்டியாந்திருக்கறேன்னு சொன்னா அவனும் சந்தோசப்படுவான்."

"மெத்தை விஷயம்?"

"மொதல்ல காலைப் பாருங்க. அது மெதுவா, சமயம் பாத்து..."

"சார், அதைச் சொல்றதா இருந்தா வர்றேன். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க." என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அன்று எட்டு நோயாளிகள். "எனக்கும் ஒரு வேஷம் கொடுத்துக் கூட்டிட்டுப் போகாதீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூர் தாண்டி, ராமாபுரம் போய்ச் சேரும்போது பதினோரு மணி. வழியெல்லாம் அவர் ஒரு படக்கதைகூடச் சொல்லவில்லை.

செங்கோடனுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். மாவு மில்லில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. உடம்பெல்லாம் மரமேறிக்குரிய அகலம், வலது கெண்டைக்கால் மட்டும் சிறுத்திருந்தது. எங்களைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கே வந்தார்.

"வாங்கண்ணா! மைசூர்ல இருந்து இம்புட்டுத் தூரமா?" மனைவியைக் கூப்பிட்டார். மோர் வந்தது.

காலை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். எலும்பு நன்றாகவே கூடியிருந்தது, அந்தக் காலத்துக் கட்டுக்கு ஆச்சரியம்தான். கணுக்கால் இறுகியிருந்தது. ஆனால் அழுத்திப் பிடித்து மெல்ல அசைத்தபோது நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளைந்தது. நாற்பது வருடமாக அந்தக் காலின்மேல் அவர் தன் முழு எடையை வைக்காததால் வந்த இறுக்கம் அது.

"கட்டுப் பிரிச்சதுக்கு அப்புறம் இந்தக் காலை ஊணி நடக்கலியா?"

"நடக்கலாம்னுதான் டாக்டரு சொன்னாரு. எனக்குத்தான் பயமுங்க. மரம் ஏறப் போனேன், ஒரு நாள். பாதி ஏறினதும் காலு நடுங்குது. மெத்தை போட்டிருந்தும் அதுமேல விழத் தெரியாத காலு, மரத்துல மட்டும் நிக்குமா? எறங்கீட்டேன். பொறவு ஏறவே இல்ல." லேசாகச் சிரித்தார். "எங்கப்பாரு சாகுற வரைக்கும் என்னைய மெத்தைக்காரான்னுதான் கூப்புடுவாரு."

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"செங்கோடா, மெத்தை இல்லடா."

"என்னங்கண்ணா?"

"கீழ மெத்தையே இல்ல. அட்டைப்பொட்டிதான். நாந்தான் மெத்தைன்னு பொய் சொன்னேன். நீ சரியாத்தான் குதிச்சே."

செங்கோடனுக்குப் புரியவில்லை. அல்லது புரிய நேரம் வேண்டியிருந்தது. மேனேஜர் என் செல்போனில் அந்தப் படத்தை எடுத்துத் தரச் சொன்னார். செங்கோடன் தன்னுடைய முதுகு குதிப்பதையும் விழுவதையும் வேறொருவர் எழுந்து ஓடுவதையும் பார்த்தார். அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அடுத்தது ஆஸ்பத்திரிக் காட்சி. வெள்ளை விரிப்பு கட்டிலுக்குப் போதாமல் ஓரத்தில் மெத்தையின் நீலக் கோடுகள் தெரிந்தன. மேனேஜர் அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அதோ. அதான் மெத்தை. அங்க கெடந்துச்சு."

செங்கோடன் போனை என்னிடம் கொடுத்தார். வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் இருந்து மாவு அரைபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் மறுபடியும் மரம் ஏறியிருப்பனே."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மேனேஜர் வாயைத் திறந்தார். ஏதாவது சொல்லி இதைச் சரிக்கட்டிவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

செங்கோடன் எழுந்தார். "ஏ புள்ள, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இவுரு சொல்றதைக் கேளு." பிறகு மேனேஜரிடம் திரும்பினார். அண்ணா என்று சொல்லவில்லை. "சொல்லுங்க."

மேனேஜர் சொன்னார். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். செங்கோடன் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று தெருவில் இறங்கினார். மில்லுக்குக் கூட்டிப்போனார். மில்காரர் மிஷினை நிறுத்தினார். மேனேஜர் அங்கே சொன்னார். டீக்கடையில் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. காய்ச்சல் வந்த ஸ்டண்ட்காரர் போனார், போய்க்கொண்டிருந்த வெளிச்சம் போனது, டைரக்டர் போனார். கடைசியில் மெத்தை இல்லை, நான் பொய் சொன்னேன் என்பது மட்டும் மிஞ்சியது. உச்சிவெயில். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, போதும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவரும் போதுமா என்று கேட்கவில்லை.

கடைசியாக அண்ணன் வீடு. செங்கோடனுக்குப் பத்து வயது மூத்தவர், வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து கத்தியவர்களில் அவரும் ஒருவர்.

மேனேஜர் சொன்னார். "என்னது?" என்றார் பெரியவர். மேனேஜர் குனிந்து காதருகே சொன்னார். "ஆரு? என்ன மெத்தை?"

மேனேஜர் நிமிர்ந்தார். இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"மெத்தை இல்லீங்க! நான் போடலீங்க! நான் பொய் சொன்னனுங்க!"

எதிர்வீட்டில் ஒருவர் வெளியே வந்து பார்த்தார். கிணற்றடியில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவருக்குக் கேட்டுவிட்டது. மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம்பியின் காலைப் பார்த்தார்.

"அப்போ இவன் சரியாத்தான் குதிச்சானா?"

"சரியாத்தானுங்க குதிச்சான்!"

பெரியவர் கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டார். செங்கோடன் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் நின்றிருந்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். வழியில் ஒரு வேப்பமரத்தடியில் அவர் நின்று மூச்சு வாங்கினார். நானும் நின்றேன். "போலாமுங்களா?" என்று அவர் கேட்கும்வரை.